ஈரக்காதன் வீட்டு ஏற்ற இறக்கம்

ஈரக்காதனின் வலது காதில் கடல் வந்து தங்கியபோது அவனுக்கு வயது முப்பத்தேழு. இடது காதில் தங்க அதற்கு மேலும் இரண்டு வருடம் பிடித்தது. குளிர்ந்த தண்ணீரிலும் அதைவிடக் குளிர்ந்த காற்றிலும் வருடக்கணக்காகப் பலகையோடு கிடக்கும் அலைச்சறுக்குக்காரர்களுக்குக் காதுத் துளையில் எலும்பு வளரும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். குளிரிலிருந்து செவிப்பறையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு உடம்பு தானாகவே உள்ளே சுவர் எழுப்ப ஆரம்பிக்கும்; ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மற்றவர்களுக்கு அந்தச் சுவருக்குப் பின்னால் கொஞ்சம் தண்ணீர் தேங்கும், வலிக்கும், சொட்டு மருந்து விட்டால் காய்ந்துவிடும். இவனுக்குத் தேங்கியது காயவில்லை. கரையில் கடல் ஏறியபோது காதிலும் ஏறியது, இறங்கியபோது இறங்கியது. ஏற்ற நேரத்தில் படுத்திருந்தால் தலையணை நனைந்தது, நடமாடிக்கொண்டிருந்தால் சட்டைக் காலர் நனைந்தது. தலையணை உறை காய்ந்த பிறகு அதில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அவன் மனைவி அதை உதறிச் சேர்த்து, நத்தை வராமல் இருக்க வாசல்படியில் தூவினாள்.

மனைவி கடற்கரை முதலுதவி அறையில் நர்ஸ். ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், வெந்நீர்க் கெட்டில், வினிகர் கேன், கழுத்தை வளைத்துத் திருப்பக்கூடிய மேசை விளக்கு, சின்னதும் பெரியதுமாக இடுக்கிகள், அவ்வளவுதான் அறை. இந்தக் கூட்டத்தைக் கடல் அடிப்பதைவிட அவர்களுடைய பலகை அடிப்பதுதான் அதிகம் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் தெரிந்துகொண்டாள். பலகை ஓடிவிடாமல் இருக்க அதைக் கயிற்றால் கணுக்காலோடு கட்டிக்கொள்கிறார்கள். அலை கவிழ்த்ததும் கயிறு நீண்டு சுண்டிவிட, பலகை திரும்பி வந்து சொந்தக்காரன் மண்டையிலேயே போடும். பலகைக்கு அடியில் மீன்துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஃபின் தொடையைக் கிழிக்கும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், இவர்கள் தலையையே விடுவார்கள். மணல்திட்டில் குத்திக்கொண்டு, கழுத்தை இரண்டு கையாலும் தாங்கியபடி நடந்து வருவார்கள். பாறையில் உரசிய முழங்கால், உள்ளங்காலில் ஒடிந்து நிற்கும் முள், ஜெல்லிமீன் பட்ட தடிப்பு, வெயிலும் காற்றும் சேர்ந்து கண்ணில் வளர்த்த சதை, கழன்ற தோள்பட்டை என்று காலையிலிருந்து மாலைவரை வரிசை குறையாது. ஒருவன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பலகையைப் பிடித்து நின்றான். அது அங்கே எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு. இடுப்பளவு அலை ஒன்று வந்து கயிற்றோடு அவன் மோதிரவிரலையும் கொண்டுபோய்விட்டது. அவன் கட்டிலில் உட்கார்ந்து, “சிஸ்டர், என் பலகை எங்க?” என்றுதான் முதலில் கேட்டான். முகத்தைப் பார்த்தால் அவளுக்கு ஆள் தெரியாது, முழங்காலைக் காட்டினால் இன்னார் என்று சொல்லிவிடுவாள்.

அறையின் அலமாரியில் காதுக்கு வைத்துக்கொள்ளும் மெழுகு அடைப்பான் டப்பா ஒன்று எப்போதும் நிறைந்தே இருந்தது. எவனும் எடுக்க மாட்டான். முதுகுக்குப் பின்னால் எழும்புகிற அலையைக் காதால்தான் பார்க்க வேண்டும், அடைத்தால் போச்சு என்பது அவர்கள் கட்சி. பஞ்சு வைத்துக்கொண்டு கடலில் இறங்கிய ஒருவனை ஒரு பருவம் முழுவதும் “பாப்பா” என்று கூப்பிட்டே ஊரைவிட்டு ஓட்டினார்கள். கேட்க வேண்டும் என்பதற்காகத் திறந்து வைத்த காதுகள் அப்படித்தான் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டன. அந்த வேடிக்கையைச் சொல்லிக் காட்டினால் அவர்களுக்குக் கோபம் வரும்.

ஈரக்காதனுக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன், புருவம் பிளந்து வந்த ஒரு காலைப்பொழுதில்தான் அவளை முதன்முதலாகப் பார்த்தான். தையல் போட்டாள். அதன் பிறகு, கரையிலேயே நன்றாகச் சறுக்குபவனுக்கு வாரம் ஒரு காயம் எப்படி ஏற்படுகிறது என்று ஊரே யோசித்தது. ஜெல்லிமீனே வராத மாதத்தில் ஜெல்லிமீன் தடிப்போடு வந்து நின்றபோது யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. காதும் காதும் வைத்த மாதிரி கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள். வாய்ப் பழக்கத்தில் கல்யாணமாகி ஒரு மாதம்வரை அவளை “சிஸ்டர்” என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். “ஏங்க, கடையில வச்சாவது அப்படிக் கூப்பிடாதீங்க, பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் ஒரு மாதிரி பார்க்கிறாங்க” என்றாள். அவள் பேச்சுக்காரி. வேலை முடிந்து வந்து அன்றைய காயங்களை வாய் வலிக்கச் சொல்லுவாள், அவன் கையைத் தாடையில் கொடுத்துக்கொண்டு, “அப்புறம்?” என்பான். அந்த “அப்புறம்?”-க்காகவே அவள் இல்லாத காயங்களையும் ஒன்றிரண்டு சேர்த்துச் சொன்னதுண்டு. அவள் வாழ்க்கையில் நல்ல காலம் என்றால் அதுதான்.

கடல் தங்கிய பிறகு குடும்பம் கடலின் நேரப்படி நடந்தது. ஏற்றத்தின்போது அவனுக்கு ஒன்றும் கேட்காது. இறக்கத்தின்போது தண்ணீர் வடிந்து, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு நெல் நுழைகிற இடைவெளி திறக்கும். அப்போது காதோடு வாயை வைத்துப் பேசினால் கேட்கும். கடலோ நேற்று வற்றிய நேரத்தில் இன்று வற்றாது, ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். இந்த வாரம் காலைக் காபியோடு பேசிக்கொண்டவர்கள் அடுத்த வாரம் மத்தியானத்தில்தான் பேச முடியும், மத்தியானத்தில் அவள் யாருடைய உள்ளங்காலிலோ முள் எடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளைக்கு இரண்டு முறை வற்றும் என்றாலும், ஒன்று அவள் வேலையில் இருக்கும்போதும் மற்றது அவன் தூங்கும்போதும் வந்து தொலைக்கும். மற்ற வீடுகளில் கோபம் வந்தால் சண்டை போடுவார்கள். இவர்கள் கோபத்தைத் தண்ணீர் வடியும்வரை காக்க வைக்க வேண்டும். வடிவதற்குள் எதற்குக் கோபம் என்பதே மறந்திருக்கும். எழுதிக் காட்டலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். எழுதியும் பார்த்தாள். “பால் இல்லை”, “சாவி பூச்சட்டிக்கு அடியில்” என்பதெல்லாம் எழுதுவதற்குத் தோதானவை. “இன்னைக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு” என்பதை எழுதிப் பார்த்தால் மேலதிகாரிக்கு அனுப்பும் புகார் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டாள்.

எலும்பு வளர வளர அந்த நேரமும் சுருங்கியது. ஒரு மணி நேரமாக இருந்தது அரை மணியாகி, பிறகு ஒரு டம்ளர் காபி குடிக்கும் நேரமானது. நேரம் குறைந்தால் முக்கியமானதைப் பேசுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி நடப்பதில்லை, குழாய் ஒழுகுவதும் மின்கட்டணமும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். பகல் முழுவதும் ஒரு விஷயத்தை மனத்துக்குள் கோத்து வைத்திருப்பாள், தண்ணீர் வடிந்ததும் காதருகே குனிந்து, “குழாய்க்காரர் நாளைக்கு வர்றாராம்” என்று சொல்லி முடிப்பதற்குள் கடல் திரும்பி வந்துவிடும். அவனும் தலையாட்டக் கற்றுக்கொண்டான். தலையாட்டுவதில் ஒரு வசதி, கேட்டவர் திருப்தியாகப் போய்விடுவார். கரையில் முக்கால்வாசிப் பேர், அவனுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, பேச்சுதான் குறைந்துவிட்டது என்று நம்பினார்கள்.

அவள் மட்டும் பேசுவதை நிறுத்தவில்லை. ஏற்றமோ இறக்கமோ, பழக்கதோஷத்தில் அவன் காதருகே குனிந்து ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். அந்த வீட்டோடு அவள் பிறகு பேசவில்லை. ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டான் என்று குறை சொல்லவும் வழியில்லை, இரண்டு காதிலும் வெளியே போகப் பாதை கிடையாது. சொன்னது எங்கே போகிறது என்று அவள் யோசிக்காமல் இல்லை. பேசாமல் இருந்தால் மூச்சு முட்டியது, அதனால் பேசினாள்.

இந்த நேரத்தில்தான் ஊருக்கு அவன் காதின் அருமை தெரியவந்தது. அலைச்சறுக்குப் பள்ளி நடத்திய விசில்காரர், கழுத்தில் எப்போதும் ஒரு விசிலைத் தொங்கவிட்டிருப்பவர், ஒருநாள் அவனோடு தோளோடு தோள் இடித்துக்கொண்டு படகுத்துறையில் உட்கார்ந்திருந்தபோது அவன் காதுக்குள் அலைச் சத்தத்தைக் கேட்டார். எதிரே கடல் தட்டையாகக் கிடந்தது. காதில் கேட்ட அலை மூன்றாம் நாள் கரைக்கு வந்தது. அதோடு முடிந்தது, ஒருவனும் போனில் கடல் நிலவரம் பார்ப்பதில்லை. விடிந்ததும் வாசலில் வரிசை. மணல் காலோடு உள்ளே வந்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் காதில் தங்கள் காதை வைத்து, “மேற்கத்தி அலை, ஆறடி, சுத்தமா வருது” என்று அறிவித்துவிட்டுப் போவார்கள். எப்படி இருக்கிறாய் என்று ஒருவன் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம். அவள் பின்னாலேயே மணலைப் பெருக்குவாள். சொந்தப் புருஷன் காதின் மேல் ஒருத்திக்குப் பொறாமை வருவது அசட்டுத்தனம்தான். அவளுக்கு வந்தது.

பக்கத்து நகரத்துக் காது டாக்டரிடம் அவளே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சிக்கனமாகப் பேசும் ஒரு ஒல்லியான அம்மா. விளக்கைப் போட்டு இரண்டு காதையும் பார்த்துவிட்டு, எலும்பைச் செதுக்கி எடுத்துவிடலாம், மூன்று மாதம் கடலில் கால் வைக்கக்கூடாது என்றார். விட்டால் ஒரு வருடத்துக்குள் முழுதாக அடைத்துவிடும், அதற்குப் பிறகு கடல் வற்றினாலும் ஏறினாலும் இவருக்கு ஒன்றுதான் என்றார். வீட்டுக்கு வந்து தண்ணீர் வடிந்த நேரத்தில் அதை அவன் காதில் சொன்னாள். அவன் முகம் சுண்டிப்போனது. பருவம் ஆரம்பிக்கப் போகிறது, ஊருக்கே உன் காதுதான் வழிகாட்டி என்று விசில்காரர் ஏற்கெனவே அவன் முதுகில் தட்டி வைத்திருந்தார். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவனுக்குள் இருந்தது.

“இதை எடுத்துட்டா எனக்குள்ள என்னதான் இருக்கும்?” என்றான்.

“நான் இருக்க மாட்டேனா?” என்றாள்.

அதற்குள் கடல் ஏறிவிட்டது. அவன் தலையாட்டினான்.

அந்த வருடம் எலும்பு டாக்டர் சொன்னபடியே வளர்ந்தது. பேச்சு நேரம் ஒரு வாக்கியத்துக்குக் குறைந்தது, பிறகு அதுவும் நிச்சயமில்லாமல் போனது. கடல் கண்ணுக்கே எட்டாத ஒரு மலைப்பக்கத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. விண்ணப்பம் போட்டதை அவனிடம் மூன்று முறை சொல்லியிருந்தாள், மூன்று முறையும் தலையாட்டியிருந்தான். கிளம்ப வேண்டிய வாரத்தில் ஒருநாள் காலை, கடல் வற்றி வெகு தூரம் உள்வாங்கியிருந்த நேரமாகப் பார்த்து, அவன் வலது காதில் வாயை ஒட்டிவைத்துக் கேட்டாள்: “இங்கயே இருக்கப் போறீங்களா, இல்ல என்கூட வர்றீங்களா?” அவன் தலையாட்டினான். எதற்கு ஆட்டினான் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு முறையும் ஆட்டினான். அவளுக்குக் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், வரவில்லை. தலையணை உறைகளைத் துவைத்து மடித்து வைத்தாள், தான் போகிற ஊரின் பெயரைக் காலண்டரில் எழுதினாள், பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று முதல் சில நாட்கள் அவன் நினைத்தான். தான் தலையாட்டியது எதற்கு என்று தெரியாததால், தான் சம்மதித்த ஏதோ ஒன்றுக்காகத்தான் போயிருக்கிறாள் என்று சமாதானம் செய்துகொண்டான். காலண்டரைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானமும் போனது. ஆனாலும் கடல் வற்றும் நேரத்துக்குச் சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்து, வலது காதை அவள் நிற்கும் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்வதை அவனால் நிறுத்த முடியவில்லை. பிரிட்ஜின் உறுமல் மட்டும் எங்கோ தூரத்தில் இருப்பது போலக் கேட்கும். சில நாள் அதுவும் கேட்காது. காலையில் வரிசை வழக்கம்போல வந்தது. அவள் இல்லை என்பதை வரிசையில் ஒருவன்கூடக் கவனிக்கவில்லை. பெருக்கப்படாத மணல் வாசலில் ஒரு விரற்கடை உயரம் சேர்ந்தது.

பெரிய அலைகள் வந்த ஒரு நாளில் அவன் விழுந்தான். அடைத்த காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தால் தலை சுற்றும். தண்ணீருக்கு அடியில் தலை சுற்றினால் மேல் எது கீழ் எது என்று தெரியாது. அதற்கு அவர்களிடம் ஒரு பாடம் உண்டு. காலில் கட்டிய கயிற்றைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டே போ, மறுமுனையில் பலகை இருக்கும், பலகை எங்கே மிதக்கிறதோ அங்கேதான் வானம். அவனும் கயிற்றைப் பிடித்து ஏறினான். ஏற ஏற இருட்டியது. அவனுடைய பலகை அலையில் முறிந்து, கயிறு கட்டிய பாதி பாறை இடுக்கில் போய்ச் செருகிக்கொண்டிருந்தது. மேலே போவதாக நினைத்து அவன் கடலின் அடிக்குப் போய்க்கொண்டிருந்தான். நெற்றி பாறையில் மோதிய பிறகுதான் புரிந்தது. ஒரு அலை கடந்தது, மேலே வருவதற்குள் இரண்டாவது கடந்தது. வெளியிலும் கடல், உள்ளேயும் கடல், நடுவில் தான் வெறும் ஒரு தோல் என்று அப்போது தோன்றியதாகப் பின்னால் சொன்னான். சாவைவிட, செத்தால் யாரிடம் சொல்வார்கள் என்ற யோசனைதான் அவனைப் பயமுறுத்தியது. கயிற்றைக் காலோடு பிணைத்திருந்த பட்டையைப் பிய்த்தெறிந்தான். கடல் அவனைத் துப்பியது.

நெற்றியில் ரத்தம் வழிய, கால் போன போக்கில் முதலுதவி அறைக்குப் போனான். அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை. கதவில் பிளாஸ்டர் பெட்டி ஒன்றை மாட்டியிருந்தார்கள், கெட்டிலில் தூசி. கட்டிலில் உட்கார்ந்து, விளக்கைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு அவன் காத்திருந்தான். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று உறைக்க வெகுநேரம் ஆனது. அப்போது விசில்காரர் உள்ளே வந்தார். நெற்றியைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார், பக்கத்தில் உட்கார்ந்து அவன் காதில் தன் காதை வைத்தார். “நாளைக்கும் இதே சைஸ்தான்!” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அது ஈரக்காதனுக்குக் கேட்கவில்லை, ஆனால் அந்தச் சந்தோஷம் தெரிந்தது. அவனே கண்ணாடியைப் பார்த்து நெற்றியில் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு, ஈர உடையோடு காது டாக்டர் ஊருக்குப் பஸ் ஏறினான்.

மரத்துப்போக ஊசி போட்டு, அவன் விழித்திருக்கும்போதே டாக்டர் வலது காதில் வேலையைத் தொடங்கினார். கடைசிச் சில்லு எலும்பு பெயர்ந்ததும் தண்ணீர் வந்தது. முதலில் கிண்ணம் பிடித்தார்கள், பிறகு பேசின், பிறகு வாளி. அப்புறம் யாரோ அறைக்கதவைத் திறந்து காரிடாருக்குத் தள்ளிவிட்டார்கள். மணல் வந்தது, கொஞ்சம் பாசி வந்தது, நகத்தளவு நண்டு ஒன்று வந்து டாக்டரின் கையுறையில் ஏறிக்கொண்டது. அதற்குப் பின் அவன் மனைவியின் குரல் வந்தது. இத்தனை வருடம் அவள் அந்தக் காதில் சொன்னதெல்லாம், முதலில் போனது முதலில் என்ற வரிசையில் வெளியே வரத் தொடங்கியது. உப்பில் கிடந்தது கெடுவதில்லை. குரல் கொஞ்சம் ஈரமாக இருந்ததே தவிர ஒரு சொல்லும் அழியவில்லை. டாக்டர் உளியைத் தட்டில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “முழுசா வரட்டும். பாதியில அடைச்சா சீழ் பிடிக்கும்” என்றார்.

மத்தியானத்தில் தொடங்கியது சாயங்காலம்வரை வந்தது. குழாய்க்காரரும் மின்கட்டணமும் வந்தார்கள். ஒரு பருவத்தில் கழன்ற அவன் தோளைக் குறித்து, “தோள் இன்னைக்கு எப்படி இருக்கு?” என்பது அநேகமாக எல்லா நாளும் வந்தது. முதலுதவி அறைக் கதைகள் ஒன்றுவிடாமல் வந்தன, ஒவ்வொன்றின் முடிவிலும் அவள் கொஞ்சம் நிறுத்தியது உட்பட. “நான் பேசறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?” என்று ஒரு முறை. “நேத்து நாற்காலியில உக்காந்து அழுதேன், நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க” என்று ஒரு முறை. வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பதை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றாள். “ஏங்க, எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. நேத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், உண்மைதான். சாயங்காலம் தண்ணி வடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன், முடியல, இப்பவே சொல்லிட்டேன்” என்று குரல் சிரித்தது. பிறகு வழக்கமான பேச்சு சில. பிறகு, “ஒண்ணுமில்ல. அது நிக்கல. நீங்க சாப்பிடுங்க.” அந்த இரண்டு நாளிலும் தான் தலையாட்டியிருப்போம் என்பது அவனுக்குத் தெரிந்தது. மரத்துப்போன பக்கத்தில் கண்ணீர் வழிவது அவனுக்குத் தெரியவில்லை, நர்ஸ் துடைத்துவிட்டாள். கடைசியாக வந்தது அவள் கிளம்பும் முன் கேட்டது. இங்கேயே இருக்கப் போகிறீர்களா, இல்லை என்னோடு வருகிறீர்களா? மேசையில் படுத்தபடியே அவன் தலையை அசைத்தான்.

“தலையை ஆட்டாதீங்க, வாயால சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“வர்றேன்” என்றான்.

காரிடாருக்குப் போன கடல் அங்கேயே இருந்துவிட்டது. இப்போதும் அந்த ஆஸ்பத்திரியின் காதுப் பிரிவில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கணுக்கால் அளவு தண்ணீர் ஏறி இறங்குகிறது. பார்வை நேரத்தை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டார்கள், பெஞ்சுகளின் காலை உயர்த்தினார்கள், நோயாளிகளுக்கு வாசலிலேயே ரப்பர் செருப்பு கொடுக்கிறார்கள். விசில்காரர் தினமும் காலையில் அந்தப் பிரிவின் காவலாளிக்குப் போன் செய்து எந்தப் பக்கத்து அலை, எத்தனை அடி என்று கேட்டுக்கொள்கிறார். காவலாளி சொல்வதும் தப்பியதில்லை.

இரண்டு காதிலும் பஞ்சோடு ஈரக்காதன் மலையடிவாரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, அந்தப் பெயர் அவனுக்குப் பொருந்தாமல் போய்ச் சில வாரமாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவளுக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அவள் கதவைத் திறந்து பஞ்சைப் பார்த்தாள், நெற்றித் தழும்பைப் பார்த்தாள், வழிவிட்டு ஒதுங்கினாள். பேச்சுக்காரிக்குப் பேச்சு விட்டுப்போயிருந்தது. பதில் வராத வருடங்கள் செய்த வேலை அது. நோயாளிகளிடம் தேவையானதைச் சொல்லுவாள், அறைக்கு வந்தால் வாய் திறக்க மாட்டாள். அவனுக்கு இப்போது எல்லாம் கேட்டது. அடுப்பு பற்றுவது, அவள் வளையல் தட்டில் இடிப்பது, பக்கத்து அறையில் யாரோ பக்கத்தைப் புரட்டுவதுகூடக் கேட்டது. அவள் குரல்தான் இல்லை. இத்தனை நாள் அவள் எதில் குடியிருந்தாள் என்பது அவனுக்கு அந்த அறையில்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் சாப்பிட்டு முடித்த பிறகு அவனாக ஆரம்பித்தான். “வலிச்சுது” என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். “தோள் எப்படி இருக்குன்னு கேட்டியே. அன்னைக்கு ரொம்ப வலிச்சுது.” என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை, பாத்திரத்தைக் கழுவி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டாள். மறுநாள் குழாய்க்காரருக்குப் பதில் சொன்னான். அதற்கு மறுநாள், அவள் பேச்சு தொந்தரவாக ஒருபோதும் இல்லை என்றான். வந்த வரிசையிலேயே, ஒன்றையும் தாண்டாமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அத்தனை வருடத்துக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். ஊரில் பனி இறங்கியது, விலகியது. அவள் வேலையிலிருந்து வந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவாள். இடையில், “அது அந்த வருஷம் இல்ல, அதுக்கு முந்தின வருஷம்” என்று ஓரிரு முறை திருத்தினாள். காலாகாலத்தில் சொல்லியிருந்தால் ஒரு நொடிக்குத் தாங்காத பதில்கள் அவை. வெகு தாமதமாக வந்ததால் ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்து வைத்தாள்.

ஒரு சாயங்காலம், அவள் குழந்தையைப் பற்றிச் சொன்ன அந்த இடத்துக்கு அவன் வந்து சேர்ந்தான். அடுத்து அதுதான் என்று இருவருக்கும் தெரியும். அவள் மடியில் கிடந்த துணியை நீவிக்கொண்டே இருந்தாள். அவன் அழ ஆரம்பித்ததும், அவன் கையை எடுத்து மேசையின் மேல் வைத்து அதன் மேல் தன் கையை வைத்தாள்.

“அதுக்கு இப்ப பதில் ஒண்ணும் இல்லீங்க. அடுத்ததுக்குப் போங்க.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்தது என்னவென்று யோசித்தான். அடுத்தது, மழை வருகிற மாதிரி இருக்கிறதே, கொடியிலிருந்து துணியை எடுத்தீர்களா என்பது.

“எடுக்கல” என்றான். “எல்லாம் நனைஞ்சுபோச்சு.”

“தெரியும்” என்றாள். “நான்தானே திரும்பத் துவைச்சேன்.”